பதினேழு

கணித செயற்றிட்டம், தரம் பதினொன்று.
தலைப்பு: மேல்கணக்கில் ஒரு நாள் கொழுந்து.
நாற்பத்திரண்டு பேரின் நிறுவைத் துண்டுகள்,
மூன்று மாதத்துக்கு உரியவை.
பிஸ்கட் டின்னில் கிடந்து
ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை.

அழிந்த இலக்கங்களைத் தனியே வைத்தேன்.
கணக்கப்பிள்ளையின் ஏழு ஒன்றுபோல இருக்கும்;
சந்தேகத்துக்கெல்லாம் சிவப்புப் புள்ளி.
மிச்சத்தைச் சுகந்தினி
ஐந்தைந்தாய்க் கோடு போட்டாள்.

பதினைந்தில் கொஞ்சம், பதினாறில் கொஞ்சம்.
பதினெட்டுக்கு வரைபுத்தாள் போதாமல்
மேலே இன்னொன்று ஒட்டினோம்.
பதினேழில் ஒருவரும் இல்லை.

தராசு பிழை என்றாள் அவள்.
எங்கள் எண்ணிக்கை பிழை என்றேன் நான்.
இரண்டு இரவு மீண்டும் எண்ணினோம்,
ஒன்றுகளையெல்லாம் ஏழாக்கியும் பார்த்தோம்.
பல்லு விழுந்த இடம்போல
அது அப்படியே இருந்தது.

சனிக்கிழமை ஆறாம் நம்பர் மலைக்குப் போனேன்.
நிறுவைக்கு முன்னால், மூடுபனிக்குள்,
பேச்சியக்கா தன் சாக்கில் கைவிட்டு
இரண்டு தரம் அள்ளி
மரியாயியின் சாக்கில் போட்டாள்.
முகம்கூடத் திரும்பவில்லை.
ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்தான்.
பதினைந்தைத் தூக்கிவிட யாராலும் ஏலாது,
பதினேழை ஏலும்.

அறிக்கை வலயப் போட்டிக்குப் போகிறது.
பரிசு கொடுக்க வருவது எங்கள் தோட்டத்துத் துரை.

வெற்றிடத்துக்கு நேரே
சேர் பென்சிலால் போட்ட கேள்விக்குறியை
அழிக்க மனம் வரவில்லை.
அதன் கீழே
"மாதிரி போதாது" என்று எழுதினேன்.
இடை, இடையம் எல்லாம் சரியாக இருந்தன.
கடைசி வரியில்,
ஆகாரம்: பதினெட்டு.