இனம் பிரித்தல்

நோபிள் பார்க் நூலகத்தின் பின்னறையில்
மாலை ஆறரைக்குக் கூடினோம்.
மேசையில் பதினேழு ஹெல்மெட்டுகள்
கவிழ்த்த சட்டிகள்போல.
சனிக்கிழமை ஓட்டத்தை இனியும்
ஒரே கும்பலாக விட ஏலாது என்றார் தர்மபாலன்.
போன கிழமை மொர்டியலாக்கில் அவர்
கோப்பி குடித்து, கோப்பையும் ஆறி,
நாற்பது நிமிடம் கழித்துத்தான்
கடைசி ஆள் வந்து சேர்ந்ததாம்.
கடைசி ஆள் நான்.
சொல்லவில்லை.

குறிப்பேடு என்னிடம் இருந்தது.
வேகத்தால் பிரிப்போம் என்றது ஒரு குரல்.
முப்பதுக்கு மேலே வல்லினம்,
இருபதுக்குக் கீழே மெல்லினம்,
நடுவில் கிடப்பது இடையினம்.
சிரித்தார்கள். எழுதிக்கொண்டேன்.
கோடு இழுத்த தாளில் பெயர்கள்
பேருந்தில் ஏறுவதுபோல
முண்டியடித்து ஏறின.

பத்மலோசினியிடம் வந்ததும் பேனா நின்றது.
இருபதை அவள் தாண்டியதே இல்லை.
ஆனால் விடிய முன் புறப்பட்டு
ஜீலாங் போய் அன்றிரவே திரும்பியிருக்கிறாள்,
இரண்டு வாழைப்பழம், அரை றாத்தல் பாணோடு.
தர்மபாலனுக்கோ ஐம்பதாவது கிலோமீட்டரில்
தொடை பிடித்துக்கொள்ளும்.
"அப்ப நான் மெல்லினமோ?" என்றாள்
கையுறையில் நூல் பிய்த்தபடி.
ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில்
நிதானமாகப் போனது.

பிறகு பாதையால் பிரிக்கப் பார்த்தோம்:
கடலோரத் தார், ஓடையோரச் சரளை, டாண்டினாங் ஏற்றம்.
ஏற்றம் கேட்டவர்கள் மூன்று பேர்,
அதில் இருவருக்கு முழங்கால் சரியில்லை.
சைக்கிளால் பிரிக்கலாமே என்றான் ஜெனார்த்தன்,
கார்பன் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாதவன்.
நிஸ்தார் எழுந்து நின்றான்.
"என்ட சைக்கிளில மோட்டார் இருக்கு.
அதிலதான் இரவு பதினொரு மணி மட்டும்
வீடு வீடாச் சாப்பாடு கொண்டுபோறன்.
நான் சைக்கிள்காரனோ இல்லையோ,
அதை மட்டும் எழுதுங்கோ."
மின்சைக்கிள் உயர்திணையா அஃறிணையா என்று
ஒன்றேகால் மணி நேரம் வாதாடினோம்.
நூலகக்காரி லைட்டை ஒருதரம்
அணைத்துப் போட்டாள்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில்
என் சொந்தப் பட்டியல் ஒன்று இருக்கிறது:
பம்பு கொண்டுவருவோர்.
பம்பு கேட்போர்.
குழி வந்தால் பின்னால் வருபவருக்குக் கைகாட்டுவோர்.
முன்சக்கரம் தப்பியதும் குழியை மறந்துபோவோர்.
வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம் தப்பி வருவோர்.
கடைசி வரியில் நான் மட்டும்தான்
என்று நினைத்திருந்தேன்.
இப்போது ஆறு பெயர்.

சனிக்கிழமை மூன்று இனமாகப் புறப்பட்டோம்,
ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில்.
செப்டம்பர் மாதம்.
ஓடைப் பாலத்தைத் தாண்டிய யூகலிப்டஸில்
மேக்பை ஒன்று குஞ்சு பொரித்திருந்தது.
முகம் பார்த்து நினைவு வைக்குமாம் அந்தப் பறவை.
எல்லோரையும் போகவிட்டது,
கார்பனை, மோட்டாரை, என்னை.
தர்மபாலனை மட்டும் விடவில்லை.

பாலத்தின் கீழே நின்றார்.
ஹெல்மெட்டில் கீறல், காதோரம் ஒரு சொட்டு ரத்தம்.
வல்லினம் திரும்பிப் பாராமல் போய்விட்டிருந்தது.
மூன்று தரம் முயன்றேன் என்றார்,
கணக்கு ஒப்புவிக்கும் பிள்ளையின் குரலில்.
பத்மலோசினி இறங்கினாள். நானும் இறங்கினேன்.
அவரை முன்னே விட்டு, பின்னால் இருபக்கமும் நாங்கள்,
சைக்கிளை உருட்டியபடி
மரத்தைக் கடந்தோம்.
மேலிருந்து பார்த்த பறவைக்கு
ஓர் ஆய்த எழுத்து நகர்ந்து போயிருக்கும்.
இரண்டு தரம் தாழப் பறந்தது,
பிறகு கிளைக்குத் திரும்பிவிட்டது.

அந்தப் பக்கம் வந்ததும் அவர்
யாரோடு போவதென்று தெரியாமல்
ஒற்றைக் கால் ஊன்றி நின்றார்.
கடலிலிருந்து தெற்குக் காற்று
நேரே முகத்தில் அடித்தது.
"எனக்குப் பின்னால வாங்கோ" என்றாள் அவள்,
"காத்து உங்களுக்கு அடிக்காது."
பதினெட்டுக்கு மேலே ஒரு புள்ளி போகாமல்
அவள் மிதித்தாள்.
அவர் அவளுடைய பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு.
நான் அவருடையதை.

மொர்டியலாக்கில் கோப்பி
ஆறிக்கொண்டிருந்திருக்கும்.
ஆறட்டும்.