பதினேழாவது வரி

புவெர்த்தோ மோன்டில் ஜூலை மழை
யாரைக் கேட்டும் வருவதில்லை.
மாதக் கடைசியும் அப்படித்தான்.

சால்மன் பண்ணைகளின் வலைகள்
எங்கள் கொட்டகைக்கு வரும்,
பாசி கழுவி, கிழிசல் தைத்து, கடலுக்குத் திரும்பும்.
ஆள் முப்பத்தொன்று.
திரையில் முப்பத்தொரு வரிகள்.
வரிக்கு வரி வரி பிடிக்கிறவள் நான்,
நெலிதா பாரியந்தோஸ், சம்பளக் கணக்கு,
பதினேழாவது வரி.

நான்காம் வரியில் ஜீவனாம்சப் பிடித்தம்.
நீதிமன்றக் கடிதம் வந்த நாள்முதல்
ஊவெனாந்தே எனக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை.
ஒன்பதாம் வரி
பதினைந்தாம் தேதியே முன்பணம் வாங்கிவிடும்,
ஏனென்று கேட்காதே என்ற முகத்தோடு.
இருபத்தாறு பிரசவ விடுப்பில்.
எல்லாம் தெரியும்,
ஒன்றும் தெரியாதவள்போல்
அவர்களோடு அதே மேசையில் சூப் குடிக்கிறேன்.

ஜூன் சம்பளம் போட்ட மறுநாள்
கோலிவோரோ வந்தான்.
கக்கத்தில் நனைந்த கையுறை,
கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.
விரித்து வைத்தான்:
பென்சிலில் தேதி, வந்த நேரம், போன நேரம்,
சில நாட்களுக்கு எதிரே ‘காற்று’ என்று மட்டும்.

“பதினாலாம் தேதி, சனிக்கிழமை ராத்திரி.
படகு தாமதம். வலை இறக்கி முடிக்க
விடிகாலை மூன்று. நாங்கள் நாலு பேர்.”

என் அட்டவணையில் அந்த இரவு
பன்னிரண்டு மணிக்கே முடிந்திருந்தது.
நள்ளிரவைத் தாண்டிய மணிகளை
மறுநாள் என்று தள்ளி,
மறுநாள் ஞாயிறு என்று கண்டு,
ஞாயிறு விடுமுறை என்று தீர்மானித்து
பூஜ்யம் போட்டிருந்தது நான் எழுதிய சூத்திரம்.

பின்னோக்கிப் போனேன்.
மே.
ஏப்ரல்.
புது மென்பொருள் வந்த மார்ச்.
மூன்று மாலைகள் தேடியதில்
நாற்பத்தொரு மணிநேரம்.
பல்லில் ஒன்றும் ஒட்டாமல்
தின்றிருக்கிறேன்.

முதலாளி ஒயார்சோ
வலை கழுவும் புது டிரம்முக்கு விலைப் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தார்.
“அடுத்த மாதம் சேர்த்துப் போடலாமே,
பண்ணைக்காரன் நமக்கே
அறுபது நாள் கழித்துத்தானே தருகிறான்?”
“ரொட்டிக் கடைக்காரன் அறுபது நாள் பொறுப்பானா?” என்றேன்.
ஜன்னலைப் பார்த்தார்.
கெட்ட மனிதர் இல்லை.
ஜனவரியில் சம்பளத்துக்காகத்
தன் டிரக்கை அடகு வைத்தவர்,
அதை யாரிடமும் சொல்லாதவர்.
டிரம் இருந்த பக்கத்தை மடித்துவிட்டு
“போடு” என்றார்.

அன்றே போட்டேன்,
தனி ரசீதாக,
எந்த இரவு எத்தனை மணி என்று பிரித்து.
மேலே ‘திருத்தம்’ என்று தட்டச்சிட்டேன்.
‘என் தவறு’ என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இப்போது பண்ணைப் பணம் வந்தால்
அன்று மாலைக்குள் கூலிப் பங்கு
வேறு கணக்குக்குப் போய்விடும்.
டீசலுக்கும் அதைத் தொடக்கூடாது,
ஒயார்சோவும்தான்.
இருபத்தைந்தாம் தேதி
மணிக்கணக்கைக் கதவில் ஒட்டுகிறேன்.
தொகை இல்லை, மணி மட்டும்.
ஈர விரல்கள் தடவித் தடவி
மை கரைந்து,
இரண்டாம் நாள் வேறொரு தாள் ஒட்டவேண்டியிருக்கிறது.
சண்டையும் வருகிறது,
பதினோராம் வரி கேட்ட அரைமணிக்குச் சாட்சி இல்லை,
அதை இன்னும் தீர்க்கவில்லை.

நேற்று தாளைக் கழற்றும்போது பார்த்தேன்.
பதினேழாவது வரியின் ஓரத்தில்
எனக்குத் தெரிந்த பென்சில்:
‘ராத்திரி ஒன்பது வரை
ஆபீஸில் விளக்கு எரிந்தது.
மூன்று நாள். மழை.’

இன்னும் பதிவு செய்யவில்லை.
அழிக்கவும் இல்லை.