கதவுச் சத்தம்

குதிப்பது யாருக்கும் சொந்தமில்லை என்றார் வக்கீல்.
மூன்று கட்டம் எழும்பி
நான்காவதில் தலை இடித்துக்கொள்ளும் அந்த விதியை
யார் வேண்டுமானாலும் மறுபடி எழுதலாம்.
தொப்பிக்குத்தான் ஆள் இருக்கிறது.
அதன் சிவப்புக்கு அல்ல,
பதினாறுக்குப் பதினாறு புள்ளியில்
அது சரிந்திருக்கும் விதத்துக்கு.

பிர்னோவில் அன்று ஈரப்பனி.
அரை மணி ஆலோசனைக்கு எண்ணூறு கொருனா.

நிரல் முழுக்க எங்களுடையது.
பழையதில் ஒரு வரி பார்க்கவில்லை.
பார்த்தவன் ராடோவான்;
அவனைக் குழுவில் சேர்க்கவில்லை,
பீருக்கு மட்டும் கூப்பிடுகிறோம்.
அங்கும் அவன் ஆட்டத்தைப் பற்றி வாயெடுத்தால்
எல்லோரும் வானிலை பேசுகிறோம்.

உரிமையாளரைத் தேடினோம்.
செய்த கம்பெனி தொண்ணூற்றெட்டில் திவால்.
ஏலத்தில் எடுத்தவர் லின்ஸில் ஒருவர்;
அவரிடம் வாங்கிய நிறுவனம் இப்போது
குளிர்பதனப் பெட்டிகளுக்குக் கதவு ரப்பர் விற்கிறது.
மூன்று கடிதத்துக்கு ஒரு பதில்:
அப்படியொரு சொத்து எங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை.
இருக்குமானால், அனுமதி இல்லை.

ஒலிகள் செய்த போஹுமீர் வ்ரானா
ஷிதெனித்ஸேயில், நாலாம் மாடியில் இருந்தார்.
எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் உடனே.
பிறகு நினைவு வந்து,
என்னால் கொடுக்க முடியாதே, விற்றுவிட்டேனே,
ஒரு மாதச் சம்பளத்துக்கும் ஒரு பழைய பிரிண்டருக்கும்.

இரண்டாம் நிலவறையில் இரும்புக் கதவு திறக்குமே
அந்தக் கிறீச்,
அது எந்தக் கதவு என்று கேட்டாள் ஷார்கா.

அவர் எழுந்து போய்
சமையலறை அலமாரியின் கீழ்க்கதவை இழுத்தார்.

அதேதான்.
அதே இல்லை; குரல் தடித்திருந்தது,
கீல் தளர்ந்து
கடைசியில் ஒரு இருமல் சேர்ந்திருந்தது.
நான் பன்னிரண்டு வயதில்
விளக்கணைத்த அறையில் பயந்த சத்தம்
வெங்காயக் கூடை வைக்கும் இடத்திலிருந்து வந்தது.

கதவு யாருடையது என்றேன்.
வீடு வாடகை, அலமாரி என்னுடையது என்றார்.

ஒன்பது முறை திறந்தார்.
ஏழாவதை வைத்துக்கொண்டோம்.
எட்டாவதில் பக்கத்து வீட்டு நாய்.
மின்கட்டண உறையின் பின்புறம் எழுதிக்கொடுத்தார்:
இந்தக் கதவின் சத்தத்தை யாரும் எடுக்கலாம்,
மாற்றலாம், பகிரலாம்.
என் பெயரைப் போட வேண்டும்.
‘வேண்டும்’ என்பதன் கீழ்
இரண்டு கோடு.

பழைய பெட்டியை அன்றிரவு புரட்டிப் பார்த்தேன்.
அட்டையில் அச்சகத்தின் பெயர்கூட இருந்தது.

தொப்பிக்குத்தான் இன்னும் வழியில்லை.
ஷார்கா வரைவதெல்லாம் அதைப் போலவே வருகிறது,
அல்லது அதைப் போல இருக்கக்கூடாது என்பதைப் போல.
இப்போதைக்கு வெறுந்தலையோடு குதிக்கிறான்,
மூன்று கட்டம்.
நான்காவதில் நன்றாகவே இடிக்கிறது.