எதில் போனாள்

படிவம் வாங்கியவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"ரஷ்யனும் துருக்கியுமா? ஒண்டாவா?
பிள்ளையள், தலை தாங்குமா?"
ருஷ்தாதான் பதில் சொன்னாள்:
"சீனக்குடாவுக்குக் கோதுமைக் கப்பல் வருகுதெல்லோ சேர்,
அது ரஷ்யனில ஏத்தி
துருக்கியில தொண்டையைத் தாண்டி
இஞ்ச வந்து தமிழில இறக்குது."
அவர் முத்திரை குத்தினார்.
பொய்யா மெய்யா என்று
இன்றுவரை நான் தேடிப் பார்க்கவில்லை.

இரண்டே பேர் வகுப்பு.
காலையில் ரஷ்யன்.
மேசை ஆண், புத்தகம் பெண்,
கடல் இரண்டுமில்லை.
மத்தியானம் துருக்கி.
அவன், அவள், அது எல்லாம் ஒரே 'ஓ'.
வட்டமான வாயோடு பஸ் ஏறுவோம்.

துருக்கி எங்களுக்கு லேசு.
வேர்ச்சொல்லின் பின்னால் பெட்டி பெட்டியாய்க் கொளுவி
வினையைக் கடைசியில் விட்டால்
கொழும்பு ரயில் மாதிரி ஓடும்.
ரஷ்யனில்தான் தடம் புரள்வேன்.
ஒருமுறை ரஷ்ய வசனத்தின் நடுவே
துருக்கி 'வெ' ஒன்றை எழுதிவிட்டேன்.
சிவப்பு வட்டத்தைப் பார்த்து ருஷ்தா சிரித்தாள்:
"கோட்டை மான் கச்சேரிக்குள்ள பூந்த மாதிரி."

இரண்டாம் தவணை, முதல் திங்கள்.
இடாப்பு வாசித்த ரஷ்ய ஆசிரியை
நிறுத்தி, நிமிர்ந்து,
ருஷ்தி நியெத், என்றார்.
அங்கே ஒருவர் இல்லையென்றால்
'இல்லை' மட்டும் போதாது,
இல்லாதவரின் பெயரும் வால் திரும்ப வேண்டும்.
மத்தியானம், ருஷ்தா யோக்.
பெயரில் கை வைக்கவில்லை.
அதற்காகவே அன்று துருக்கியைப் பிடித்தது.

எங்கே அவள் என்று காலையில் கேட்டார்கள்.
போய்விட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
நடந்தா, வாகனத்திலா, பறந்தா?
மூன்றுக்கும் மூன்று வினை.
எதில் போனாள் என்று தெரியாமல்
ரஷ்யனில் ஒருத்தியை வழியனுப்ப முடியாது.
இருந்துவிட்டேன்.

துருக்கி கேட்டது வேறு கேள்வி:
கண்ணால் கண்டனீயா?
கிட்மிஷ், என்றேன்.
போயிட்டாளாம்.
தோஹாவாம். மாமி வீடாம்.
மாப்பிள்ளைக்கு அங்கே வேலையாம்.
தம்பி சொன்னதாக கண்டக்டர் சொன்னார்.

பின்னேரம் உப்புவெளிக்குப் போகவேண்டிய நான்
கிண்ணியா, கிண்ணியா என்று கூவிய பஸ்ஸில் ஏறினேன்.
சீனக்குடாவில்
மா ஆலையருகே ஒரு கப்பல்.
எந்த நாட்டுக் கொடியோ, இருட்டிவிட்டது.
சரக்கு இறங்க இறங்க
கொஞ்சம் கொஞ்சமாய் உயர்ந்திருக்க வேண்டும்,
பஸ் நிற்கவில்லை, பார்க்கவில்லை.

என் அகராதி அவளிடம் இருக்கிறது.
இருக்கிறதாம் அல்ல,
இருக்கிறது.
மழைக்கு உறை போட்டு
நானே கொடுத்தது.