தோன்றா எழுவாய்

மழை மாதத்தில் பந்தலூருக்கு ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.
பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை
உத்திரத்தோடு சுருட்டிக் கட்டிவிட்டு
தரையில் உட்கார்கிறார்கள்
எட்டுப் பெண்களும் கிருபைராஜும்.
அவனுக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட், ஏழுக்கு எழுந்துவிடுவான்.

மாதம் ஒன்பதாயிரத்துக்கு
ஆங்கிலம் சொல்லித்தர அனுப்பப்பட்டவள் நான்.
கையேட்டின் முதல் பாடம்: விமான நிலையத்தில்.
இரண்டாம் பாடம்: உணவகத்தில் சூப் கேட்பது.

மூன்றாம் வாரம் யோகராணி
கொழுந்துப் பையிலிருந்து ஒரு தாளை நீட்டினாள்.
பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டியிருந்தது.
பின்பக்கம் பசை காயவில்லை.
"இதப் படிக்க எத்தன மாசமாகும் டீச்சர்?"

குவார்ட்டர்ஸ் வில் பி வெக்கேட்டட்.

விமானத்தை அன்றைக்கே இறக்கிவிட்டோம்.

செயப்பாட்டு வினை என்று பலகையில் எழுதினேன்.
வீடுகள் காலி செய்யப்படும்.
"யாரால?" என்றாள் சிவபாக்கியம்.
சொல்லவில்லை.
"எப்ப?"
அதுவும் இல்லை.
"அப்ப வீடு தானா எந்திரிச்சுப் போயிருமா?
ஆன வந்து செவத்த இடிச்சாக்கூட
கால்தடம் இருக்குமே டீச்சர்."

அதுவே வீட்டுப்பாடம் ஆயிற்று.
குறைக்கப்பட்டது, நிறுத்தப்பட்டது, பரிசீலிக்கப்படுகிறது
ஒவ்வொன்றுக்குள்ளும் பதுங்கிய ஆளைக்
காதைப் பிடித்து வாக்கியத்தின் முன்னால் நிறுத்த வேண்டும்.
சிலர் வந்தார்கள்.
சில வாக்கியங்களைத் தோண்டினால்
அடியில் இன்னொரு செயப்பாட்டு வினைதான் கிடந்தது.

டீத்தூள் பெட்டியின் அட்டைகளை வெட்டினோம்.
லீவ் என்றால் போவது, லிவ் என்றால் வாழ்வது,
குறில் நெடில், அவ்வளவுதான் என்றேன்.
ஒத்திகையில் தர்மலெட்சுமி தொண்டை கிழிய
வி வில் நாட் லிவ் என்றாள்.
வாழ மாட்டோமாம்.
சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கல் வந்தது.
தண்ணீர் கொடுத்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.
அந்த நெடிலை இவர்கள் வீடுகள் முன்பே ஒருமுறை
தலைமன்னாரில் உச்சரித்திருக்கின்றன,
மூட்டையோடு, வரிசையில்.

கடைசி அட்டை. வி டிமாண்ட்.
யோகராணி மார்க்கரை மூடாமல் கேட்டாள்:
"இந்த வி, நாமளா, நாங்களா?"
ஆங்கிலத்தில் அந்தப் பிரிவு கிடையாது என்றேன்.
"கெடையவே கெடையாதா?"
ஒரே சொல்தான்.
"அப்ப உங்களுக்குச் சௌகரியம்."
குத்தலாகச் சொல்லவில்லை,
கறை படிந்த விரலால்
அந்தச் சொல்லை இன்னொரு முறை தடித்து எழுதினாள்.

என் ஒப்பந்தத்தில், கையெழுத்துக்கு மேல் ஒரு வரி:
பணியாளர் எவ்விதப் போராட்டத்திலும் கலந்துகொள்ளக் கூடாது.
தமிழில்தான் இருக்கிறது.
எழுவாய் தெளிவாக இருக்கிறது.

வியாழக்கிழமை டிவிஷன் ஆபீஸ் வாசலில்
பனிக்குள் ஒன்பது அட்டைகள்.
கிருபைராஜ் தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட்டபடி
நெடிலை மட்டும் பிசகாமல் இழுத்தான்.
எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன்,
குடையோடு,
பஸ்ஸுக்காக என்றும் சொல்லலாம்.

அதிகாரி வந்தார். அட்டைகளை வாசித்தார்.
பிழை தேடினார் என்று நினைக்கிறேன்.
ஹூ ரோட் திஸ்?
செய்வினை. இறந்த காலம்.
எழுவாயைத் தேடுகிற கேள்வி.

யோகராணியின் கண்
சாலையைத் தாண்டவே இல்லை.
"இட் வாஸ் ரிட்டன், சார்."

யாரால் என்று அவர் கேட்கவில்லை.
கேட்கும் பழக்கம் அந்த ஆபீசில் இல்லை.

கூடலூர் பஸ் வந்தது.
கண்டக்டர் ஒரு நிமிஷம் விசில் ஊதாமல் பார்த்தார்.
ஏறவில்லை.