ஒட்டுப்பொறி எண் ஒன்பது

இரவு பதினொன்றே கால்.
கதான்ஸ்க் துறைமுகத்தின் ஈரக்காற்று
என்னோடு பின்கதவு வழியாக நுழைகிறது.
கடைசித் தட்டு பியெரோகி போயாகிவிட்டது.
நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கின்றன.

விளக்கை அணையுங்கள் என்கிறேன்.
"இருட்டில் என்ன தெரியும்?" என்கிறார் முதலாளி லுபோமிர்.
இருட்டில்தான் தெரியும்.
பத்து நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு
காபி இயந்திரத்தின் பின்னால் கைவிளக்கை நீட்டினேன்.
சுவர் நகர்ந்தது.

எங்கள் மொழியில் இந்தக் கரப்பானுக்குப்
பிரஷ்யன் என்று பெயர்.
எல்லை தாண்டிப் போனால்
ரஷ்யன் என்று சொன்னவர்களும் உண்டாம்.
யார் வீட்டு அடுப்படியிலும்
அது அடுத்த வீட்டுக்காரன்தான்.

லுபோமிரிடமும் ஒரு பெயர் தயாராக இருந்தது.
குரலைத் தாழ்த்தி, தாடையால் சுட்டிக் காட்டினார்:
பாத்திரம் கழுவும் ஜார்ஜியாக்காரி நானுலி.
"இவள் வந்த பிறகுதான்."
நானுலி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்,
காதில் விழாத மாதிரி.

நான் தரையில் படுத்தேன்.
என் வேலையில் பாதி படுத்துக்கொண்டு செய்வது.
எலுமிச்சை மணம்.
"ஸ்பிரே அடித்தீர்களா?"
"இரண்டே டப்பா."
வெட்டுப்பலகை அடுக்கின் மேலும் அடித்திருக்கிறார்.
செத்தது பத்து. மிச்சமெல்லாம்
சுவருக்குள், மேல்மாடிக்குள்,
மின்பெட்டிக்குள் குடிபெயர்ந்துவிட்டன.
அந்த வாடை இருக்கும் இடத்தில்
நான் வைக்கும் இரையை அவை தொடவும் தொடாது.
ஆகவே முதலில் மருந்தைக் கழுவ வேண்டும்,
அதற்குப் பிறகுதான் மருந்து.

மூவரும் சோப்புத் தண்ணீரோடு இரண்டு மணிவரை.
பிறகு உறிஞ்சு கருவி.
குழாய்க்குள் அவை போகும் சத்தம்
கடுகு தாளிப்பது போல இருக்கும்;
பதினாறு வருடமாக அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
ஒருத்தி முட்டைப்பையைச் சுமந்துகொண்டு ஓடினாள்.
உளுந்தைவிடச் சற்றே பெரிய பை,
உள்ளே முப்பதுக்கு மேல்.
பொரியும் நாள்வரை கீழே விடமாட்டாள்.
அவளையும் எடுத்தேன்.

இரை அரிசி மணி அளவு.
கதவுக் கீலில் ஒன்று, மோட்டார் இடுக்கில் ஒன்று,
தொட்டியின் அடியில் வெடிப்புக்குள் ஒன்று.
மாவு பிசையும் மேசையில் இல்லை,
உணவின் தலைக்கு மேல் எங்குமே இல்லை.
"தாராளமாக வையுங்கள், காசு தருகிறேன்."
விஷத்தில் என்ன தாராளம்?

கிளம்பும் நேரத்தில்
நானுலி காலண்டர் ஒன்றை நீட்டினாள்.
கட்டங்களுக்குள் வளைந்து வளைந்த எழுத்துகள்,
பக்கத்தில் அவள் வரைந்த அம்புக்குறிகள்.
எங்கே பார்த்தாள், எத்தனை, எத்தனை மணிக்கு.
முதல் அம்பு செப்டம்பர் நான்கு:
பழைய விலைக்கு வாங்கிய காபி இயந்திரம்
அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கிய நாள்.
அவள் வேலைக்கு வந்தது ஆகஸ்டில்.
"யாரிடமாவது காட்டினாயா?"
"யாரும் கேட்கவில்லை."

லுபோமிர் காலண்டரை வெகுநேரம் பார்த்தார்.
மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.
அட்டைப்பெட்டிகளைக் கட்டித் தூக்கிப்போய்
வெளியே போட்டுவிட்டு வந்தார்.
மறுநாள் சொட்டுகிற குழாய்க்குப் புது வாஷர்.
அந்தச் சொட்டுதான் அத்தனை பேருக்கும் ஆறு.

வீட்டு வாசலிலேயே காலணியைக் கழற்றி
மூன்று முறை தட்டுகிறேன்.
கணவர் கதவைத் திறக்காமல் எண்ணுவார்.

காபி இயந்திரத்தின் கீழே வைத்தது ஒன்பதாம் பொறி.
முதல் வாரம் அறுபத்து மூன்று.
மூன்றாம் வாரம் பதினெட்டு.
ஐந்தாம் வாரம் இருபத்தொன்று; யாரோ
இரவு முழுக்க மாவுச்சட்டியை ஊற வைத்திருந்தார்கள்.
எட்டாம் வாரம் இரண்டு, இரண்டும் குஞ்சுகள்.

இன்று பசையில் ஒட்டியிருப்பது
ஒரு ரொட்டித்துகள், நீளமான ஒரு தலைமுடி.
தாளை இப்போது நானுலிதான் நிரப்புகிறாள்.
அவள் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது.
வட்டமாகப் போட்ட சுழியம் புரிகிறது.
அதன்கீழே என் எழுத்தில் எழுதினேன்:
நம்ப வேண்டாம்.
பதினான்கு நாளில் மீண்டும் வருவேன்.