அழிரப்பர்

மாவட்ட அலுவலகச் சுற்றறிக்கை தெளிவாகத்தான் இருக்கிறது:
நூல்களில் உள்ள கிறுக்கல்களை அழித்துவிட்டு
இருப்பு சரிபார்க்கவும்.
முக்கூடல் கிளை நூலகத்தில்
அழிக்க நான் ஒருத்திதான்.
ஐந்து ரூபாய் ரப்பர். ஊதினால்
மேசையெல்லாம் கருந்துகள்.

திருமலைக்கொழுந்தின் துப்பறியும் கதை,
பன்னிரண்டாம் பக்கத்திலேயே பென்சில்:
‘கொன்னது டாக்டர். மேக்கொண்டு படிக்காதிய.’
கீழே வேறு கை, தாள் கிழிகிற அழுத்தத்தில்:
‘நீரு நல்லா இருப்பீராவே?’
அதற்கும் கீழே நிதானமாகச் சாய்ந்த எழுத்து:
‘நம்பாதிய. இவரு எழுதினதுல பதினேழு வாசிச்சிருக்கேன்.
பதினேழுலயும் டாக்டர் நல்லவர்.’

யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.
பக்கங்களுக்கிடையே பாபநாசம் வண்டி டிக்கெட் ஒன்று,
கிழிக்காமல்.
கண்டக்டராக இருக்கலாம். ஏமாற்றியவராகவும் இருக்கலாம்.

நீலா பரமசிவன் நாவல்கள் திரும்பி வரும்போது
தையலிடுக்கில் புகையிலைத் தூள்.
விரித்தால் மூன்று தும்மல்.
அத்தியாய முடிவுகளில் 400, 650, 900 என்று எண்கள்.
ஏதோ கடன் கணக்கு என்று நினைத்து
ஒரு புத்தகம் முழுக்க அழித்தேன்.
பிறகுதான் விளங்கியது,
அந்த அத்தியாயம் முடிவதற்குள் சுற்றிய பீடி அவ்வளவு.
கடைசி அட்டையில்:
‘சத்தமா வாசிச்சது கித்தேரி.
அழுதது எல்லாரும்.
முப்பிடாதிக்கு அன்னிக்கு நூறு கொறஞ்சு போச்சு.’

பேய்க்கதை அலமாரிக்கு ஒரே ஆள்தான் எசமான்,
பச்சை மைப் பேனா.
உச்சிமாகாளியைத் தவிர எழுத்தாளனே கிடையாது என்று
ஏழு புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்.
மை, ரப்பருக்குப் போகாது.
ஏழாவதில் பென்சில் ஒன்று குறுக்கே வந்தது:
‘பேயி மட்டும் வாசிக்குத ஆளுக்கு.
நீலா பரமசிவன் எழுதுன ஒரு மாமியாரு இருக்கா.
அவ முன்னால ஒம்ம பேயி ஒண்ணும் நிக்காது.’
நான்கு மாதம்.
புகையிலை வாசத்துக்கு நடுவே பச்சை மை:
‘வாசிச்சேன்.
ராத்திரி லைட்டை அணைக்கல.’

எனக்கு இதெல்லாம் வேலை, அவ்வளவுதான்.
தேர்வாணையத்துக்குப் படித்ததோடு சரி,
அதற்குப் பிறகு நான் வாசித்தது
பதிவேடும் பால் கணக்கும்.
யாராவது கேட்டால் ‘எல்லாம் நல்ல புத்தகம்தான்’ என்பேன்.

விஞ்ஞானக் கதை இங்கே ஒன்றே ஒன்று.
வேற்றுக்கிரகம், இரண்டு நிலா,
எழுதியவர் பெயர் அட்டையோடு போய்விட்டது.
தேதிச் சீட்டில் பதினொரு முறையும்
உறுப்பினர் எண் 214.
கடைசிப் பக்கத்தில் சின்னதாக:
‘இந்த மாதிரி வேற யாரும் வாசிக்கியளா?’
கீழே வெள்ளை.
மூன்று வருடத்து வெள்ளை,
ஓரத்தில் மட்டும் பழுப்பு.

ரப்பர் அங்கே நின்றது.
ஆலங்குளம் பஸ்ஸில்
அந்தக் கிரகத்தோடு போய்வந்தேன் எட்டு நாள்.
இருபதாம் பக்கம் தூங்கினேன்.
தொண்ணூறாம் பக்கம் இறங்குமிடத்தை விட்டேன்.
ஒன்பதாம் நாள், கதவைச் சாத்திக்கொண்டு,
அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு மாறாக,
எழுதினேன்:
‘நான் வாசித்தேன். பாதி விளங்கவில்லை.
இரண்டாவது நிலா ஏன் உதிக்கவே இல்லை?’

214 என்பது பால்துரை,
மோட்டார் காயில் கட்டுகிறவர்.
விரல் நுனியெல்லாம் வார்னிஷ்.
பன்னிரண்டாம் முறையாக எடுக்க வந்தவர்
வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.
நான் பதிவேட்டுக்குள் குனிந்துகொண்டேன்.
மின்விசிறிச் சத்தம்.
வாய்க்கால் பக்கம் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்க்கிறார்கள்.

‘மேடம், பென்சில் இருக்கா?’

‘புத்தகத்துல எழுதக் கூடாது சார்’
என்று சொல்லிக்கொண்டே
சீவினேன்.